பழைய வயரை வெட்டுவதற்கு முன்

கறுப்புக் குப்பைப் பை ஒன்றைக் கொண்டுவந்து அந்த அண்ணன் என் பட்டறை மேசைமேல் வைத்தார். அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே பருத்தி நூல் பின்னிய பழைய வயர்கள், முழ நீளத் துண்டுகளாகக் கிடந்தன.

அவர் சிங்கப்பூரில் கிராஞ்சிப் பக்கம் செடிப் பண்ணை நடத்துகிறவர். அவருடைய தந்தை ஒரு காலத்தில் ஓட்டிய 1963 லேண்ட் ரோவர் பிக்கப் பண்ணையின் கொட்டகையில் பல ஆண்டுகளாக நின்றிருந்தது. அதைப் பண்ணை வளாகத்துக்குள்ளாவது மறுபடி ஓடவைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, அமெரிக்காவிலிருந்து புதிய வயரிங் ஹார்னஸ் (வண்டி முழுவதற்குமான வயர்க்கட்டு) ஒன்றை இணையத்தில் வாங்கியிருக்கிறார். பெட்டி வந்து சேர்ந்த சனிக்கிழமையே அவரும் அவருடைய மகனுமாகப் பழையதை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டார்கள். "எல்லாம் மக்கிப்போனது தம்பி. புதியதைப் போட்டுக் கொடுத்தால் போதும்" என்றார்.

மக்கியது உண்மைதான். ஆனால் எந்த வயர் எங்கிருந்து எங்கே போனது, எந்த முனை எர்த் (வண்டியின் உடலோடு சேர்வது), யார் எந்தக் காலத்தில் எதை மாற்றினார்கள் என்ற விவரமெல்லாம் அந்த வயர்க்கட்டில்தான் இருந்தது. வெட்டுவதற்கு முன் ஒவ்வோர் இணைப்பையும் கைப்பேசியில் படம் எடுத்து, இரு முனையிலும் சீட்டுக் கட்டியிருந்தால் எனக்கு அரை நாள் வேலை. இல்லாததால் நான்கு நாள் ஆனது. காசை விடுங்கள், ஆபத்து எங்கே இருந்தது என்று சொல்கிறேன்.

1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனைதான் சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், பூட்டப்பட்டிருக்கும். இன்று நாம் பார்க்கும் வண்டிகள் அனைத்தும் அதற்கு நேர்மாறு. பெட்டியில் வந்த ஹார்னஸும், அதோடு அவர் வாங்கிவைத்திருந்த, எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரும் மைனஸ் எர்த் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டவை. பழைய பேட்டரி வயரை இருந்தபடியே பூட்டியிருந்தால், ஆல்டர்னேட்டருக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடுகள் தலைகீழாகத் திறந்துகொண்டு பேட்டரியை நேரடியாக ஷார்ட் ஆக்கியிருக்கும். பேட்டரி அந்த நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். காப்புறை உருகித் தீப்பிடிக்க நிமிடக் கணக்கு தேவையில்லை.

அண்ணனுக்கு இது தெரியாது. வெட்டிய வயர்களில் பேட்டரி முனைகளின் அடையாளமும் இல்லை. அன்று மாலை அவருடைய தந்தையைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். கேள்வியை முடிப்பதற்குள் பெரியவர் சொன்னார்: "பிளஸ்தானே தம்பி பாடியில் இருக்கும்? பேட்டரி மாற்றுகிறவர்களிடம் ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது." பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: அதை ஓட்டியவர் உயிரோடு இருந்தால் போய்க் கேளுங்கள்.

மைனஸ் எர்த்துக்கு மாற்றுவது கடினமில்லை. பேட்டரியைத் திருப்பிப் பூட்ட வேண்டும், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் காயிலின் இரு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும், மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டரின் வயர்களையும் அப்படியே. ஆல்டர்னேட்டருக்கு முந்தைய காலத்து டைனமோவையே வைத்துக்கொள்வதாக இருந்தால் அதன் துருவத்தையும் புதிதாகப் பதியவைக்க வேண்டும்.

பையில் இருந்த துண்டுகளைத் தரையில் பரப்பி வரிசைப்படுத்தினேன். பிரிட்டிஷ் வண்டிகளின் நிற மரபு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் வரும் மின்சாரம். வெள்ளை, சாவி திருப்பினால் வருவது. பச்சை, அதுவே ஃபியூஸைக் கடந்தது. கறுப்பு எர்த். நீலம் தலைவிளக்கு, சிவப்பு பின்விளக்கு. அப்படி அடுக்கும்போது ஒரு பச்சை வயரின் உறை சாண் நீளத்துக்கு உருகிக் கருகியிருந்ததைக் கண்டேன். வயர் எப்போதோ ஒருமுறை கொதித்திருக்கிறது. ஃபியூஸ் எரியவில்லை.

காரணம் ஃபியூஸ் பெட்டியில் இருந்தது. அந்த வண்டிக்கு மொத்தமே இரண்டு ஃபியூஸ்கள். தலைவிளக்குகளுக்கு ஒன்றும் கிடையாது. பிரிட்டனின் லூக்காஸ் நிறுவனத்தின் பழைய கண்ணாடி ஃபியூஸில் 35 என்று எழுதியிருந்தால், அது எரிந்துபோகும் அளவு 35 ஆம்பியர் என்று பொருள். தொடர்ந்து தாங்குவது 17 மட்டுமே. அமெரிக்க முறைக் கண்ணாடி ஃபியூஸில் 35 என்றால் தொடர்ந்து 35 ஆம்பியரைத் தாங்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உருவம். யாரோ ஒருவர் எண்ணை மட்டும் பார்த்து, லூக்காஸுக்குப் பதில் அமெரிக்க ஃபியூஸை நல்ல எண்ணத்தோடுதான் போட்டிருப்பார். அன்றிலிருந்து அந்த வயருக்குக் காவல் பாதியாகிவிட்டது. ஃபியூஸ் போடுவது விளக்கையோ மோட்டாரையோ காப்பாற்ற என்று பலர் நினைக்கிறார்கள். வயர் தீப்பிடிக்காமல் இருக்கத்தான் அது. வயரின் தடிமனைப் பார்த்து ஃபியூஸைத் தேர்ந்தெடுங்கள். பேட்டரிக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வையுங்கள்.

இனி அந்தப் புதிய ஹார்னஸ். தரத்தில் குறை சொல்வதற்கில்லை. ஒவ்வொரு வயரின்மேலும் அது எங்கே போக வேண்டும் என்று அச்சிட்டிருந்தது, ஒவ்வொன்றுக்கும் தனி பிளேடு ஃபியூஸ். ஆனால் அது இடப்பக்கம் ஸ்டீயரிங் உள்ள வண்டிக்காக அளந்து வெட்டியது. நம் ஊரில் ஸ்டீயரிங் வலப்பக்கம். சாவிக்கும் இண்டிகேட்டர் சுவிட்சுக்கும் போகும் கட்டு ஏறத்தாழ ஒரு மீட்டர் குறைந்தது. அதைவிட முக்கியம், அமெரிக்கப் பழைய டிரக்குகளில் பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் பின்னால் ஒரே சிவப்பு பல்பில் எரியும். அதனால் பிரேக் வயர் ஸ்டீயரிங் சுவிட்சுக்குள் போய்த்தான் பின்னால் வரும். இங்கே ஆரஞ்சு இண்டிகேட்டர் தனி, பிரேக் தனி. அப்படியே பூட்டினால் பிரேக் மிதிக்கும்போது இண்டிகேட்டரும் எரியும். பின்னால் வருகிறவருக்கு எதுவும் புரியாது. பிரேக் வயரைப் பிரித்து நேராகப் பின்னுக்குக் கொண்டுபோனேன்.

வேறு சில வண்டிகளில் இன்னொரு கண்ணி உண்டு. இதில் இல்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். அக்கால அமெரிக்க டிரக்குகளிலும் 1970களின் பிரிட்டிஷ் கார்கள் சிலவற்றிலும் காயிலுக்குப் போகும் வயரே ஒரு மின்தடை. பார்த்தால் சாதாரண வயர் போலவே இருக்கும். அதைக் கழற்றிவிட்டுப் புதிய செம்பு வயர் போட்டால், காயிலுக்கு முழு 12 வோல்ட் போய் காயிலும், அதன் மின்சாரத்தை விட்டுவிட்டு வெட்டும் பாயிண்டும் கருகும். காயிலின் முதன்மைச் சுற்றை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள்: மூன்று ஓம் அளவில் இருந்தால் நேரடி மின்சாரம் தாங்கும், ஒன்றரை ஓம் என்றால் மின்தடை வேண்டும்.

அம்மீட்டரைப் பற்றி அண்ணனோடு சற்று வாதாட வேண்டியிருந்தது. அக்கால டைனமோ 22 ஆம்பியர் அளவில்தான் தரும். அம்மீட்டரின் முள் 30 வரை போகும். மின்னேற்றம் முழுவதும் டாஷ்போர்டுக்கு வந்து அந்த அம்மீட்டர் வழியாகத்தான் பேட்டரிக்குப் போகும். அவர் வாங்கியதோ 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். பேட்டரி இறங்கிக் கிடக்கும் ஒரு நாளில் அந்த மின்சாரம் முழுவதும் ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னால் இருக்கும் இரண்டு சிறு திருகாணிகளில் பாயும். "அந்த முள் ஆடுவதைப் பார்த்துத்தான் அப்பா வண்டி ஓட்டினார்" என்றார். மீட்டரை அதே இடத்தில் அழகுக்கு விட்டு, இணைப்பை நீக்கி, பக்கத்தில் சிறிய வோல்ட் மீட்டர் வைத்தேன். மனமில்லாமல்தான் ஒப்புக்கொண்டார்.

எர்த் விஷயத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். லேண்ட் ரோவரின் பாடி அலுமினியக் கலவை, சேசிஸ் இரும்பு. இந்த ஈரக்காற்றில் இரண்டும் சேருமிடத்தில் அரிப்பு வந்து மின்சாரம் தடைபடும். பழைய லாரிகளில் பின்தட்டு மரம்; மரத்தில் பூட்டிய விளக்குக்குத் தனி எர்த் வயர் இல்லாவிட்டால் என்ன ஹார்னஸ் போட்டும் பயனில்லை. எஞ்சினோ ரப்பர்மேல் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினையும் சேசிஸையும் இணைக்கும் பின்னல் பட்டை இல்லையென்றால், ஸ்டார்ட்டரின் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்ப முயலும். அப்படிச் சிவக்கச் சூடான கேபிளை நான் பார்த்திருக்கிறேன். பெயிண்டைச் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு பூட்டுங்கள்.

வயர் வாங்கும்போது நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமன் செம்பைவிடக் குறைவான மின்சாரத்தையே தாங்கும். தடிமனிலும் கஞ்சத்தனம் வேண்டாம். 60 வாட் தலைவிளக்குகள் இரண்டு 10 ஆம்பியர் இழுக்கும். 1 சதுர மில்லிமீட்டர் வயரில் ஐந்து மீட்டர் தூரத்துக்கு 0.86 வோல்ட் வழியிலேயே போய்விடும். விளக்கு ஐந்தில் ஒரு பங்கு மங்கும். 2.5 சதுர மில்லிமீட்டரில் இழப்பு 0.34 மட்டும். அதோடு, சுவிட்சுக்குப் பதில் பெரிய மின்சாரத்தைத் தான் சுமக்கும் ரிலே ஒன்றைப் போட்டுவிட்டால் அறுபது வயதான சுவிட்சும் பிழைக்கும்.

சிங்கப்பூரில் பழைய வண்டிகளுக்கான கிளாசிக் வாகனத் திட்டத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்ட முடியும். மீதி 320 நாள் அது வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்திலோ கொட்டகையிலோ நிற்கும், பல நேரம் மற்ற வண்டிகளுக்கு நடுவில், வீடுகளுக்குப் பக்கத்தில். யாரும் பார்க்காத நேரத்தில் ஷார்ட் ஆனால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வருவதில்லை. பேட்டரி துண்டிப்பு சுவிட்ச் ஒன்றின் விலை ஒரு வேளைக் குடும்பச் சாப்பாட்டுக்கு மேல் வராது. நிறுத்தியதும் திருகிவிடுங்கள். வண்டிக்குள் பவுடர் தீயணைப்பான் ஒன்று வையுங்கள். புகை கண்டால் பானெட்டை அகலத் திறக்காதீர்கள். விலகி நின்று தீயணைப்புக்கு 995 அழையுங்கள்.

வேலை முடிந்த ஐந்தாம் நாள், பேட்டரியை நேராகப் பூட்டவில்லை. 21 வாட் பல்பு ஒன்றை நடுவில் தொடராக வைத்து இணைத்தேன். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். இரண்டு ஆம்பியருக்குள் எல்லாம் அடங்கிவிடும், வயருக்கு ஒன்றும் ஆகாது. எல்லா சுவிட்சுகளும் அணைந்திருக்க, பல்பு இருட்டாக இருந்தது. பின்விளக்கைப் போட்டதும் மங்கலாக மினுக்கியது. பல்பை எடுத்துவிட்டு நேரடியாகப் பூட்டினேன். சக்கர நாற்காலியில் வந்திருந்த பெரியவர் பேட்டரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்போது மைனஸ்தான் பாடிக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதை ஒரு தகட்டில் எழுதி பானெட்டுக்கு உள்ளே ஒட்டச் சொன்னார். ஒட்டினேன்.