ஹார்ட்டுக்கு வைக்கிற மெஷின், ஆனா பாக்க வேண்டியது காலை

சாயங்கால விசிட்டிங் டைம். ஒரு அம்மா அவங்க வீட்டுக்காரர் பாதத்தை மடியில வச்சுக்கிட்டு தேங்காய் எண்ணெய் போட்டு பரபரன்னு தேச்சுட்டு இருந்தாங்க. என்னம்மா பண்றீங்கன்னு ஓடிப்போய் கேட்டா, "கால் ஐஸ் மாதிரி ஜில்லுனு கிடக்கு சிஸ்டர், நான் உள்ள வந்ததுல இருந்தே இப்படித்தான், அதான் சூடு வரட்டும்னு"ங்கறாங்க. அவருக்கு அன்னிக்கு மத்தியானம்தான் ஸ்டென்ட் வச்சு, தொடை இடுக்கு வழியா, ஹார்ட்டுக்கு முட்டு கொடுக்கற பலூன் பம்ப்ங்கற மெஷின் ஓடிட்டு இருந்துச்சு. போர்வையை விலக்கி பாத்தா அந்த ஒரு கால் மட்டும் வெளுத்து இருக்கு, விரலால நாடி பிடிச்சா கிடைக்கல, ரத்த ஓட்டத்தை சத்தமா கேக்க வைக்கிற டாப்ளர் கருவி வச்சும் சத்தம் இல்ல. டாக்டர் வந்து உடனே பலூனை எடுத்துட்டாங்க, கால் தப்பிச்சுது. நாங்க மணிக்கு ஒரு தடவை காலை பாப்போம், ஆனா இது ரெண்டு செக்குக்கு நடுவுல நடந்தது. அந்தம்மா கண்ணுக்கு முதல்லயே பட்டிருக்கு, எங்ககிட்ட சொல்லணும்னு அவங்களுக்கு யாரும் சொல்லித் தரல, அது எங்க தப்புதான்.

சிசியூலயும் (ஹார்ட் ஐசியூ) ஸ்டென்ட் வைக்கிற கேத் லேப்லயும் வருஷக்கணக்கா நர்ஸா இருக்கேன், அந்த அம்மாவுக்கு சொல்லாம விட்டதை இங்க எழுதிடறேன்.

ஸ்டென்ட் வைக்கிற எல்லாருக்கும் இந்த மெஷின் கிடையாது, பெரும்பாலானவங்களுக்கு கை ரத்தக்குழாய் வழியா போய் ஸ்டென்ட் வச்சு மறுநாளே கிளம்பிடுவாங்க. இது யாருக்குன்னா, ஹார்ட்டோட பம்பிங் 25, 30 சதவீதம்னு இறங்கி, லெஃப்ட் மெயின்ங்கற ஹார்ட்டோட முக்கியமான ரத்தக்குழாய்ல அடைப்பு, இல்ல ஹார்ட்டோட மூணு குழாய்ல ரெண்டு ஏற்கனவே மூடி மிச்சம் இருக்கிற ஒண்ணுலதான் வேலை பாக்கணும், பைபாஸ் பண்ணவும் உடம்பு தாங்காதுங்கிற மாதிரி ஆளுங்களுக்கு. ஸ்டென்ட் வைக்க அடைப்புக்குள்ள ஒரு குட்டி பலூனை (இது பலூன் பம்ப் இல்ல, வேற) ஊதற அந்த சில செகண்ட் ரத்தம் கீழ போகாது. நல்ல ஹார்ட் அதை தாங்கிக்கும், பலவீனமான ஹார்ட்டுக்கு அதுவே போதும், மானிட்டர்ல 110 இருந்த பிரஷர் 80, 60னு விழும், பிரஷர் விழுந்தா ஹார்ட்டுக்கே ரத்தம் குறையும், அது குறைஞ்சா பிரஷர் இன்னும் விழும். இந்த சுழல்ல மாட்டாம இருக்கத்தான் மெஷின். அடைப்பை அது எடுக்காது, டாக்டர் வேலையை முடிக்கிற வரைக்கும் முட்டு கொடுக்கும், அவ்வளவுதான்.

பலூன் பம்ப் பழைய ஆளு, அமெரிக்காவுல டாக்டர் கான்ட்ரோவிட்ஸ் 1967ல முதல்ல நோயாளிக்கு வச்சது. தொடை வழியா போய் நெஞ்சுல இறங்கற பெரிய ரத்தக்குழாய்க்குள்ள உக்காரும், ஹார்ட் விரியும்போது ஹீலியம் வாயுவால உப்பும், சுருங்கப் போறப்ப டக்குனு அடங்கும். ஹீலியம் ஏன்னா லேசான வாயு, ஒவ்வொரு துடிப்புக்கும் போயிட்டு வர்ற வேகம் அதுக்குத்தான் உண்டு. இம்பெல்லா வேற மாதிரி, ஹார்ட்டோட இடது அறைக்குள்ளயே போய் குட்டி மோட்டார் மாதிரி ரத்தத்தை உறிஞ்சி வெளிய தள்ளும், இதுல சிபின்னு ஒரு மாடல் நிமிஷத்துக்கு மூணரை லிட்டர் கிட்ட தள்ளும், விலை பல லட்சம். எக்மோ, ரத்தத்தை வெளிய எடுத்து ஆக்சிஜன் ஏத்தி திருப்பி உடம்புக்குள்ள அனுப்பற மெஷின், இந்தப் பேரை 2016 டிசம்பர்ல ஜெயலலிதாம்மா விஷயத்துல ஊரே கேட்டுச்சு, அதனாலயோ என்னவோ எக்மோன்னாலே "முடிஞ்சுதா சிஸ்டர்"னு கேக்கறாங்க. அப்படி இல்ல, சில கேஸ்ல ஸ்டென்ட் முடியற வரைக்கும் மட்டும் வச்சு எடுக்கறதும் உண்டு.

இதை வச்சா கட்டாயம் உயிர் பிழைக்குமான்னா, அப்படி யாராவது சொன்னா நம்பாதீங்க. பிரிட்டன்ல 301 பேரை வச்சு பண்ண பிசிஐஎஸ்-1 ஆய்வோட ரிசல்ட் 2010ல வந்துச்சு, ஹை ரிஸ்க் ஸ்டென்ட்டுக்கு முன்னாடியே ஒரு குரூப்புக்கு பலூன் பம்ப் வச்சதுல ஆஸ்பத்திரியில இருந்த வரைக்கும் பெரிய வித்தியாசம் தெரியல, ஆனா வைக்காம ஆரம்பிச்ச குரூப்ல 12 சதவீதம் பேருக்கு நடுவுல அவசரமா வைக்க வேண்டி வந்துச்சு. அதனால எங்க ஊர் டாக்டர்கள் நிறைய பேர் மெஷினை பக்கத்துல ரெடியா வச்சுக்கிட்டு ஆரம்பிப்பாங்க, எனக்கு அது சரின்னுதான் படுது. 2024ல வந்த டேஞ்சர் ஷாக் ஆய்வு வேற நிலைமை, பெரிய அட்டாக் வந்து பிரஷரே இல்லாம ஷாக்ல இருந்தவங்களுக்கு இம்பெல்லா வச்சாங்க, 180 நாள்ல இறந்தவங்க 45.8 சதவீதம், வைக்காதவங்கள்ல 58.5. நல்ல ரிசல்ட்தான், ஆனா அதே ஆய்வுல காலுக்கு ரத்தம் போகாம ஆனது 5.6 சதவீதம், வைக்காதவங்கள்ல 1.1. ரத்தக்கசிவும் டயாலிசிஸும்கூட மெஷின் வச்சவங்களுக்குத்தான் அதிகம்.

கால் ஏன் மாட்டுதுன்னா, சாதாரண ஸ்டென்ட்டுக்கு போற டியூப் 2 மில்லிமீட்டர், அந்த இம்பெல்லா பம்போட தடிமன் 5 மில்லிமீட்டர் கிட்ட. சுகர், சிகரெட்னு இருந்தவங்களுக்கு கால் குழாய் ஏற்கனவே சுருங்கி இருக்கும், அதுக்குள்ள இவ்ளோ பெருசை நுழைச்சா கீழ போக வழி எங்க இருக்கு? அதனால கையெழுத்து போடறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க, "கால் குழாயை ஸ்கேன் பண்ணி பாத்துட்டீங்களா சார்"னு. நடந்தா கெண்டைக்கால் வலிச்சு நின்னு நின்னு போறவரா இருந்தா, கேக்கலைன்னாலும் நீங்களா சொல்லிடுங்க.

மெஷின் ஓடும்போது அந்தப் பக்கத்து முட்டியை மடக்கவே கூடாது. "முதுகு வலிக்குது, கொஞ்சம் உக்கார வைங்க"ன்னு கெஞ்சுவாங்க, பாவமா இருக்கும், நீங்களா தலையணையை அடுக்கி நிமித்திடாதீங்க, எங்களை கூப்பிடுங்க. கால் ஜில்லுன்னோ நீலமாவோ ஆனா, மரத்துப் போகுதுன்னு சொன்னா, தேய்க்காதீங்க, வெந்நீர் பை வைக்காதீங்க (உணர்ச்சி இல்லாத கால்ல தோல் வெந்துடும்), பெல்லை அடிங்க. பலூன் பம்ப் வச்சவங்களுக்கு இடது கை வலிச்சாலும் சொல்லுங்க, பலூன் மேல நகர்ந்தா அந்தக் கைக்குப் போற குழாயை மறைக்கும். அந்த ஹீலியம் டியூபுக்குள்ள துரு நிறத்துல துகள் தெரிஞ்சா பலூன் ஓட்டை, அது நொடி கூட தாமதிக்கிற விஷயம் இல்ல. இம்பெல்லா வச்சவருக்கு யூரின் பேக் டிகாக்‌ஷன் கலர்ல மாறினா ரத்த அணு உடையுதுன்னு சந்தேகம், எக்கோ (ஹார்ட் ஸ்கேன்) வச்சு பம்பை கொஞ்சம் நகர்த்திப் பாப்பாங்க.

அப்புறம் பாதத்து மேல பேனாவால ஒரு எக்ஸ் போட்டிருப்போம், நாடி கிடைக்கிற இடம் அது, ஒவ்வொரு தடவையும் டாப்ளரை அங்கதான் வைப்போம். யாரோ கிறுக்கி வச்சிருக்காங்கன்னு நெனச்சு உடம்பு துடைச்சு விடறப்ப அதையும் சேத்து அழுத்தித் துடைச்சு எடுத்துடறாங்க. அதை மட்டும் விட்டுடுங்க.