விலை குறைந்த ஷேவிங் செட்டும் லேத் பட்டறைக் கணக்கும்

கோவை டவுன்ஹால் பக்கம் நடைபாதைக் கடையில் வாங்கிய ஷேவிங் செட் ஒன்று என் தாடையை ஒரு மாதம் பாடாய்ப் படுத்தியது. இருபக்க பிளேடு போடும் பழைய மாதிரிதான். பிளேடை மாற்றினேன், சோப்பை மாற்றினேன், எரிச்சல் தீரவில்லை. ஒரு பக்கத்தால் வழித்தால் வழவழவென்று வந்தது. திருப்பி மறுபக்கத்தால் வழித்தால் முத்து முத்தாக ரத்தம். கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பிளேடை மாட்டி, பிளேடு விளிம்புக்கும் கீழே இருக்கும் தடுப்பு விளிம்புக்கும் நடுவே ஃபீலர் கேஜ் என்ற இடைவெளி அளக்கும் கருவியின் தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர். மறுபக்கம் 0.8.

“செட்டின் தலை கோணலாக உட்கார்ந்திருக்கிறது, தம்பி. பிளேடின் மேல் பழி போடாதீர்கள்” என்றார்.

பிளேடின் மேல் பழி போட உண்மையிலேயே அதிகம் இடமில்லை. எந்தக் கம்பெனி இருபக்க பிளேடை எடுத்தாலும் அகலம் சுமார் 22 மில்லிமீட்டர், தடிமன் 0.1 மில்லிமீட்டர், எந்தச் செட்டிலும் பொருந்தும். ஏறக்குறைய நோட்டுத் தாளின் கனம்தான். இவ்வளவு மெல்லிய எஃகைக் கடினமாக்கிக் கூர்தீட்ட முடியாது என்றே இந்த பிளேடு முறையைக் கொண்டுவந்த அமெரிக்காவின் கிங் கேம்ப் ஜில்லெட்டிடம் பலரும் கைவிரித்தார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் அதற்கான இயந்திரங்களைச் செய்து கொடுத்தார். 1903-ல் விற்பனை வெறும் 51 செட், 168 பிளேடு. காப்புரிமை கிடைத்த 1904-ல் செட் விற்பனை 90,000-ஐத் தாண்டியது.

தாள் போன்ற தகட்டை அப்படியே முகத்தில் வைத்தால் துவண்டுவிடும். அதற்கு விறைப்பைக் கொடுப்பது செட்டின் தலைதான். கைப்பிடியைத் திருகும்போது மேல்மூடி அடித்தகட்டை நோக்கி இறங்கி, நடுவிலுள்ள பிளேடை வில்போல வளைக்கிறது. தட்டையான தகரம் தொங்கிவிடும். அதையே நெளித்துப் போட்டால் கூரையாக நிற்கும். பிளேடும் அப்படித்தான்: வளைந்த பிறகு அதன் விளிம்பு நீளவாக்கில் நெளியாது. தோலைத் தொடும் சாய்வையும் அந்த வளைவே தீர்மானிக்கிறது. பெரும்பாலான செட்டுகளில் அது சுமார் 30 பாகை.

அண்ணனின் பட்டறைக் கணக்கு இங்கேதான் வருகிறது. லேத்தில் டூலை வெளியே அதிகம் நீட்டிக் கட்டினால் அது அதிரும், கடைகிற இரும்பில் வரிவரியாகத் தடம் விழும் என்பது அங்கே வேலை பழகும் பையனுக்கும் தெரியும். பிடிப்பிலிருந்து வெளியே நீளும் பகுதி இரண்டு மடங்கானால், அதே விசைக்கு நுனி எட்டு மடங்கு விலகும். நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப அது கூடுகிறது. பிளேடும் அதே விதிக்குக் கட்டுப்பட்டது. மேல்மூடியும் அடித்தகடும் கூர்விளிம்புக்கு மிக அருகில் கவ்வினால் பிளேடு அசையாமல் அறுக்கும். கவ்வும் கோடு உள்ளே தள்ளியிருந்தால் ஒவ்வொரு மயிரிலும் பிளேடு வளைந்து, விடுபட்டு, மறுபடி வளையும். எரிச்சலில் பாதி அந்த நடுக்கம்தான்.

இன்னொரு பாதி, இடைவெளி. தடுப்பு விளிம்பு தோலை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு போக, பின்னால் பிளேடு வருகிறது. இடைவெளி பெரிதானால் தோல் அதற்குள் புடைத்துப் பிளேடுக்கு எதிரே எழும்பும். தலை இலகுவாக இருக்கிறதே என்று கையால் அழுத்தினால் இன்னும் புடைக்கும். ஓரளவு கனமான செட்டை நான் விரும்புவது இதனால்தான். அதன் எடையே போதும், கை அழுத்த வேண்டியதில்லை.

ஆகவே கடையில் பிளேடை மாட்டித் தரச் சொல்லுங்கள். கண்மட்டத்துக்குத் தூக்கி, வெளிச்சத்துக்கு எதிரே முனைப்பக்கமாகப் பாருங்கள். இரு பக்கமும் பிளேடு ஒரே அளவு நீண்டிருக்க வேண்டும். இடைவெளி ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சமமாக ஓட வேண்டும். மலிவு விலையில் மூன்று துண்டாகக் கழலும் செட்டே நல்லது. கைப்பிடியைத் திருகினால் கதவுபோல் இரண்டாகத் திறக்கும் வகையில் இணைப்புகள் அதிகம்; ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஆட்டம் சேரும். அதைத் துல்லியமாகச் செய்யப் பணம் வேண்டும்.

விலை குறைந்த தலைகள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்து, மேலே குரோம் பூசியவை. வார்ப்பு என்பதற்காக ஒதுக்க வேண்டாம், அச்சு சரியாக இருந்தால் நன்றாகவே வழிக்கும். ஆனால் பூச்சு உரிந்த இடத்தில் துத்தநாகம் வெண்பொடியாக அரிக்கும். கீழே விழுந்தால் மரையுள்ள தண்டு முறியும். பித்தளையானால் பல ஆண்டு உழைக்கும். இப்போது நான் வைத்திருப்பது துத்தநாக வார்ப்புதான், பழையதைவிடச் சற்றே விலை கூட. அண்ணனின் கேஜ் இரு பக்கமும் 0.6 காட்டிய பிறகே வாங்கினேன்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் நல்ல தண்ணீர் ஒரு குழாய், உப்புத் தண்ணீர் ஒரு குழாய். ஆழ்குழாய்த் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிவிடும். நுரை எழாது, எழுந்தாலும் நிற்காது. சிறுவாணித் தண்ணீர் ஒரு டம்ளர் எடுத்து அதில் பிரஷ்ஷை நனைத்துப் பாருங்கள், அதே சோப்பு பொங்கும்.

முகத்தை இரண்டு மூன்று நிமிடம் வெந்நீரில் ஊறவிடுவதற்கும் காரணம் உண்டு. மயிர் கெரட்டின் என்ற புரதம். நீர் உள்ளே புகுந்து அந்தப் புரத இழைகளுக்கு இடையிலுள்ள ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்தியதும் மயிர் பருத்து மென்மையாகும், அறுக்கும் விசை குறையும். பிளேடுக்கும் அது நல்லது. எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான மயிர், விளிம்பில் நுண்ணிய சில்லுகளைப் பெயர்த்தெடுப்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் நுண்ணோக்கியின் கீழ் காட்டினார்கள். வெட்டுப்படும்போது மயிர் வளைந்து, எஃகின் அமைப்பு சீரற்றிருக்கும் இடமாகப் பார்த்துத் தள்ளுகிறது.

வழித்து முடித்ததும் செட்டைக் கழற்றி அலசி, மரையில் ஒட்டிய சோப்பை உதறிக் காயவைப்பேன். பிளேடைத் துணியால் துடைப்பதில்லை, விளிம்பு கெடும். முகத்தில் ஈரப் படிகாரத்தை ஒருமுறை தேய்த்தால் எங்கே அழுத்தினேன் என்று அதுவே சுரீரென்று சொல்லிவிடும். மழுங்கிய பிளேடுகளுக்கு மூடியில் கீறல் போட்ட தகர டப்பா ஒன்று அலமாரியில் இருக்கிறது. ஐந்து வருடமாகியும் பாதிதான் நிரம்பியிருக்கிறது.