பழைய படகு இயந்திரம் இழுவையை இழப்பது எப்படி?

சாங்கி பாயிண்ட் படகுத்துறையிலிருந்து புலாவ் உபின் தீவுக்கு 12 பயணிகளை ஏற்றிச் செல்லும் பம்போட்டுகள் உட்பட, சிங்கப்பூர்க் கடலில் ஓடும் படகுகள் பலவற்றை உள்ளே பொருத்தப்பட்ட டீசல் இயந்திரங்களே நகர்த்துகின்றன. அத்தகைய இயந்திரம் பழையதாகும்போது வரும் குறை பெரும்பாலும் ஒரே வடிவில்தான் வெளிப்படும். துறையில் நிற்கும்போது அது சீராக ஓடும், மெல்லச் செல்லும்போதும் எந்தக் குறையும் தெரியாது, ஆனால் முழு வேகத்தைக் கேட்டால் இழுக்காது.

இதற்குக் காரணம், நீரைப் பின்னே தள்ளிப் படகை நகர்த்தும் சுழல்விசிறியான புரொப்பெல்லரின் இயல்பு. நீரைத் தள்ளத் தேவைப்படும் திறன், சுழற்சி வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏறத்தாழ ஈடாக உயர்கிறது, அதாவது வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்காக வேண்டும். நிமிடத்திற்கு 2,400 சுற்றுகளில் முழுத் திறனையும் தரும் இயந்திரம், 1,200 சுற்றுகளில் ஓடும்போது அதில் எட்டில் ஒரு பங்கை மட்டுமே தர வேண்டியிருக்கிறது. ஆகவே பாதித் திறனை இழந்த இயந்திரம்கூடக் குறைந்த வேகத்தில் நலமாக இருப்பதுபோலத் தோன்றும். இதையே மறுபுறமாகப் பார்த்தால், திறனில் கால் பங்கு போய்விட்ட நிலையிலும் உச்சச் சுற்று 2,400இலிருந்து சுமார் 2,180ஆக மட்டுமே குறையும். சுற்றுமானியில் தெரியும் இந்தச் சிறிய சரிவைப் பலர் பொருட்படுத்துவதில்லை, உண்மையில் அது பெரிய இழப்பின் அடையாளம்.

எனவே சோதனை முழுச் சுமையில்தான் நடக்க வேண்டும். கியரைப் போடாமல் உறுமவிட்டுப் பார்ப்பது எதையும் நிரூபிக்காது, ஏனெனில் சுமையில்லாத இயந்திரத்திற்கு மிகக் குறைந்த எரிபொருளே போதும். கடலுக்குச் செல்லுமுன், வேகக் கைப்பிடியை முழுவதும் தள்ளும்போது எரிபொருள் பம்பின் நெம்புகோல் தன் எல்லைத் திருகைத் தொடுகிறதா என்று ஒருவர் கீழே நின்று பார்த்துவிட வேண்டும். கைப்பிடியையும் நெம்புகோலையும் இணைக்கும் கம்பிவடம் நீண்டு தளர்ந்திருப்பது ஒன்றே முழுக் குறைக்கும் காரணமாக இருந்துவிடலாம்.

திறந்த நீரில் முழு வேகம் கொடுத்து, சுற்று எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் புகையின் நிறத்தையும் ஒருசேரக் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும். சுற்று ஏறாமல் கரும்புகை வந்தால், உள்ளே செல்லும் எரிபொருளை எரிக்கப் போதிய காற்று இல்லை, அல்லது சுமை அளவுக்கு மீறிவிட்டது என்று பொருள். சுற்று ஏறாமலும் புகை இல்லாமலும் இருந்தால், காற்று தாராளமாக இருக்கிறது, எரிபொருள்தான் வந்து சேரவில்லை.

கரும்புகைக்கான இரு காரணங்களையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. முன்பு 1,500 சுற்றில் படகு எவ்வளவு வேகம் சென்றது என்ற குறிப்பு இருந்தால், அதே சுற்றில் இப்போதைய வேகத்தை ஜிபிஎஸ் கருவியால் அளக்கலாம். ஜொகூர் நீரிணையில் ஓதநீரோட்டம் கணக்கைக் குழப்பும் என்பதால், எதிரெதிர்த் திசைகளில் ஓட்டிச் சராசரி காண்பது அவசியம். வேகம் குறைந்திருந்தால் சுமைதான் கூடியிருக்கிறது, குற்றம் படகின் அடிப்பாகத்திலோ புரொப்பெல்லரிலோ இருக்கிறது. நிலநடுக்கோட்டிற்கு அருகிலுள்ள இந்தக் கடல் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 27 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரை வெதுவெதுப்பாக இருப்பதால், படகின் அடியில் ஒட்டி வளரும் ஓடுடைய சிற்றுயிர்களான கொட்டலசுகளின் வளர்ச்சியைத் தடுக்கும் குளிர்காலம் இங்கே கிடையாது. புரொப்பெல்லர் இதழில் அவை மெல்லிய அடுக்காகப் படிந்தாலே போதும், இழுவை வெகுவாகக் குறைந்துவிடும்.

அதே சுற்றில் வேகம் மாறாமல் இருந்தால் காற்றின் பாதையைத் தேட வேண்டும். ஒரு கிலோ டீசல் முழுமையாக எரியச் சுமார் 14.5 கிலோ காற்று தேவை. இயந்திர அறையின் வெப்பம் 30 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு உயர்ந்தால், காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 6 விழுக்காடு குறைந்துவிடும். அறையின் மூடியைத் திறந்தவுடன் சுற்று உயர்ந்தால் காரணம் தெளிவு. அடுத்துப் பார்க்க வேண்டியது, வெளியேறும் சூடான புகையோடு கடல்நீர் கலக்கும் வளைகுழாய். கரியும் உப்பும் அதற்குள் ஆண்டுக்கணக்கில் படிந்து வழியைச் சுருக்கிவிடுகின்றன. பழைய புகை வெளியேற முடியாவிட்டால் புதிய காற்றுக்கு இடமேது? காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ பொருத்திய இயந்திரமானால், எண்ணெய்ப் படிவால் அதன் காற்றிதழ்கள் அழுக்கேறியிருப்பதும் உண்டு.

பழைய படகுகளில் மிகுதியான தொல்லை எரிபொருள் வழியிலேயே வருகிறது. தொட்டியிலிருந்து பம்ப் வரையுள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்படுகிறது, தள்ளப்படுவதில்லை. ஆகவே அங்கே இணைப்பு தளர்ந்தால் டீசல் வெளியே கசியாது, காற்றே உள்ளே புகும். கீறல் விழுந்த உறிஞ்சுகுழலால் இளநீர் குடிப்பவருக்கு வாய்நிறையக் காற்று வருவதுபோலத்தான் இதுவும். வெளிப்புறம் உலர்ந்தே இருப்பதால் கண்ணுக்கு எதுவும் தென்படாது.

ஈரக்காற்று தொட்டியில் குளிர்ந்து நீராக அடியில் தங்குகிறது. அந்த நீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் ஹார்மோகோனிஸ் ரெசினே போன்ற பூஞ்சைகள் டீசலையே உணவாக்கி வளர்ந்து, கருமையான வழவழப்புப் படலத்தை உண்டாக்குகின்றன. இப்படலம் பெயர்ந்து வடிகட்டியை அடைக்கும், உறிஞ்சுகுழாயின் வாயிலும் ஒட்டிக்கொள்ளும். சிறிது நேரம் நன்றாக ஓடிவிட்டு இழுவை குறைந்து, நிறுத்தி மீண்டும் கிளப்பினால் பழையபடி ஓடும் இயந்திரத்தில், இந்த ஒட்டல்தான் முதல் சந்தேகத்திற்குரியது. உறிஞ்சும் விசை நின்றதும் படலம் உதிர்ந்துவிடுகிறது. தொட்டியின் காற்றுக்குழாய் அடைபட்டாலும் இதே போன்ற அறிகுறி தோன்றும், அப்போது தொட்டியின் மூடியைத் தளர்த்தியதும் இழுவை திரும்பிவிடும்.

இவற்றில் ஏதேனும் காரணமா என்பதை ஒரே சோதனையில் அறியலாம். தூய டீசல் நிரப்பிய தனிக் கலன் ஒன்றைப் பம்பைவிடச் சற்று உயரத்தில், சூடான பாகங்களுக்கு எட்டாத இடத்தில் உறுதியாகக் கட்டி, புதுக் குழாயால் நேரடியாக இணைத்து முழுச் சுமையில் ஓட்ட வேண்டும். இழுவை திரும்பினால் குறை தொட்டிக்கும் பம்புக்கும் இடையில்தான் இருக்கிறது. இச்சோதனையைச் செய்யாமல் சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கு அதை அழுத்தி அனுப்பும் பம்பைக் கழற்ற எவரையும் அனுமதிக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

தாவர எண்ணெய் போன்றவற்றிலிருந்து செய்யப்படும் உயிரி டீசலைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 2030 முதல் துறைமுகச் சேவைக்கு வரும் புதிய படகுகள் முழுமையாக மின்சாரத்தில் இயங்க வேண்டும், அல்லது பி100 எனப்படும் கலப்பில்லாத உயிரி டீசலையோ நிகரச் சுழியக் கரிம எரிபொருளையோ ஏற்க வேண்டும் என்று சிங்கப்பூர்க் கடல்துறை, துறைமுக ஆணையம் அறிவித்துள்ளது. பழைய படகில் அத்தகைய எரிபொருளை ஊற்றுபவர்கள், அது தொட்டியின் பழைய படிவுகளைக் கரைத்துப் பெயர்க்கும் என்பதையும், பழைய ரப்பர்க் குழாய்களையும் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களையும் மென்மையாக்கும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். தொடக்கத்தில் வடிகட்டிகளை வழக்கத்தைவிட விரைவாக மாற்ற வேண்டியிருக்கும்.

தனிக் கலனில் ஓட்டியும் இழுவை திரும்பாமல், சுமையும் காற்றும் சரியாக இருந்தால் மட்டுமே இயந்திரத்தின் உட்பகுதிக்குச் செல்ல வேண்டும். அங்கும் முதலில் இன்ஜெக்டர்களைக் கழற்றித் தெளிப்பைச் சோதிப்பதே முறை. நீலப்புகை, கிளப்புவதில் தாமதம், எண்ணெய் அறையின் மூச்சுக்குழாயில் மிகுந்த ஆவி ஆகியவை சேர்ந்து தோன்றினால், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து அழுத்தம் குறைந்துவிட்டதாகக் கொள்ளலாம். ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் தனித்தனியே அளந்து, அவற்றுக்கிடையே எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்று பார்த்த பின்னரே பெரும்பழுதுக்குச் செலவிட முடிவெடுக்க வேண்டும்.