எழுத்துக்கு முன்னால் வரும் உறுதி

காணிப் பத்திரங்களை, எங்கள் பேச்சில் உறுதிகளை, எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு நான். போன வருடம் கொழும்பு புதுக்கடையில் உள்ள என் அலுவலகத்துக்கு ஓர் அக்கா வந்தார். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். வயது நாற்பத்தைந்து இருக்கும். கூட வந்தவர் மரியாதையாகப் பேசும் மனிதர். அக்காவின் பெயரைக் கேட்டேன், அந்த மனிதர் சொன்னார். முகவரியைக் கேட்டேன், அதையும் அவரே சொன்னார்.

"ஒரு அற்றோணித் தத்துவம் முடிக்கவேணும், மிஸ். ரைப் பண்ணியே கொண்டுவந்திருக்கிறம். அடுத்த மாதம் எங்களுக்கு எழுத்து."

அற்றோணித் தத்துவம் என்றால் உங்கள் சார்பில் காரியம் பார்க்க இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். எழுத்து என்றால் கலியாணப் பதிவு. அந்த மனிதரைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னேன். இரண்டு பேர் சேர்ந்து வந்தால், கையெழுத்து வைக்கப் போகிறவரிடம் தனியாகப் பேசாமல் நான் எதையும் முடிப்பதில்லை.

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், எட்டுப் பேர்ச் காணியில் பழைய வீடு. அண்ணன்மார் இருவரும் கனடாவில். படுக்கையில் கிடந்த தாயைப் பதினாறு வருடம் பார்த்தது இந்த அக்கா. வந்த சம்பந்தங்களை எல்லாம் "அம்மாவின்ரை அலுவல் முடியட்டும்" என்று அண்ணன்மார் தள்ளிப்போட்டார்கள். தாய், தன் சீவிய உருத்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டு, வீட்டை இவருக்கு நன்கொடையாக எழுதியிருந்தார். தாய் கண்ணை மூடியதும் வீடு முழுக்க இவருடையதாகிவிட்டது. அந்த ஒழுங்கையில் எட்டுப் பேர்ச் என்றால் அபார்ட்மென்ட் கட்டுகிறவர்கள் தேடி வருவார்கள். இவருக்கு அது விளங்கவில்லை. மேல்மாடியை வாடகைக்குக் கேட்டு வந்த, இப்போது வெளியே இருக்கும் அந்த மனிதருக்கு விளங்கியிருந்தது.

தாயின் அந்தியேட்டிச் சடங்குக்கு ஐயரைப் பிடித்தது, சாப்பாட்டுக்குச் சொன்னது, வந்தவர்களைக் கவனித்தது எல்லாம் அவர்தானாம்.

"ஒவ்வொரு நாளும் இரவு போன் எடுத்து, சாப்பிட்டீங்களோ எண்டு கேப்பார், மிஸ். என்னட்டை ஆரும் அப்பிடிக் கேட்டதில்லை."

வீட்டுக் கணக்குச் சொல்வதுபோல இதைச் சொன்னார். "இந்த வயதில் என்ன காதல்" என்று இப்படிப்பட்ட பெண்களைப் பற்றிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. கூடப் பிறந்தவர்கள் பதினாறு வருடம் கேட்காததை ஒரு வெளியாள் கேட்டார். அந்த அக்கா மயங்கியதில் எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை.

சரி, இந்தக் கடதாசி எதற்கு என்று கேட்டேன். வீட்டைத் திருத்த மாநகர சபையில் அனுமதி எடுக்க என்றார். கையில் இருந்ததோ ஆங்கிலத்தில் நான்கு பக்கம். காணியை விற்கலாம், ஈடு வைக்கலாம், வங்கிக் கணக்கை இயக்கலாம் என்று இருந்தது. வரிவரியாகத் தமிழில் சொன்னேன். கையெழுத்து வைப்பவருக்கு உறுதியை வாசித்து விளக்க வேண்டியது நொத்தாரிசின் கடமை. 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் அதைச் சொல்கிறது. "பிறகு விளங்கப்படுத்துறன், இப்ப வையுங்கோ" என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

இலங்கையில் காணி வாய்ப்பேச்சில் கைமாறாது. 1840இல் வந்த சட்டத்தின்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். அதனால்தான் வீட்டைக் குறிவைப்பவருக்கு உங்கள் கையெழுத்து அவ்வளவு அவசரமாகத் தேவைப்படுகிறது. அற்றோணித் தத்துவத்தை வைத்து அவர் மூன்றாம் ஆளுக்கு விற்றுவிட்டால், மீட்க மாவட்ட நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் அலைய வேண்டும். அவருக்கு வீட்டை எழுதிக் கொடுக்கும் நன்கொடை உறுதியும் அப்படித்தான். மாற்ற முடியாத நன்கொடையைப் பாரிய நன்றியீனத்துக்காக ரத்துச் செய்ய 2017இன் 5ஆம் இலக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆனால் அந்த நன்றியீனத்தை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான்.

கலியாணத்தால் வரும் மாற்றங்கள் பலருக்குத் தெரியாது. நீங்கள் முன்பு எழுதிய மரண சாசனம் கலியாணத்தோடு செல்லாமல் போகும், புதிதாக எழுத வேண்டும். அடுத்தது தேசவழமை. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த அந்த வழமை இன்றும் யாழ்ப்பாணத் தமிழருக்கு உரியது. அதனுடன் சேர்ந்த 1911ஆம் ஆண்டின் சட்டப்படி, தேசவழமைக்கு உட்பட்ட மனைவி முன்னோர் வழியில் வந்த தன் முதுசக் காணியையோ சீதனக் காணியையோ விற்கவோ நன்கொடை கொடுக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். தேசவழமைக்கு உட்படாத பெண்கூட, அதற்கு உட்பட்ட ஆணைக் கட்டினால் அந்தக் கலியாணம் நீடிக்கும்வரை அதற்குள் வந்துவிடுவார். கணவன் காரணமில்லாமல் மறுத்தால் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் அதுவும் அலைச்சல்தான். இதை எழுத்துக்கு நாள் குறிக்க முன்னரே ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள், கட்டப் போகிறவரோடு சேர்ந்து போகாமல் தனியாகப் போய்.

அந்த அக்காவிடம் அவரை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? கலியாணத்தையும் வீட்டையும் ஒரே மாதத்தில் முடிக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். கையெழுத்து வைக்காமல் போனார். அடுத்த கிழமை தனியாக வந்தார். காணிப் பதிவகத்தில் கேவியட் போட்டோம். அந்தக் காணி தொடர்பாக யாராவது உறுதி பதியக் கொண்டுவந்தால் இனி அக்காவுக்கு அறிவித்தல் வரும்.

அதற்குள் கனடாவிலிருந்து பெரியண்ணன் எனக்கு அழைத்தார். "அவள் வீட்டை எழுதிக் குடுத்திட்டாளோ?"

கட்சிக்காரரின் விஷயத்தை வெளியே சொல்ல முடியாது என்றேன். தங்கச்சிக்கு நேரே போன் எடுத்துப் பேசுங்கள் என்றும் சொன்னேன். எடுத்தாரா தெரியாது. அந்த மனிதர் இன்னும் இரவில் எடுக்கிறாராம். எழுத்துக்கு நாள் இன்னும் குறிக்கவில்லை.