பென்சன்: ஒரு சொல்லுக்கு இரண்டு தமிழ்

எங்கள் தெருவில் பீடி சுற்றும் ஆச்சி ஒருவருக்கு மனு எழுதிக் கொடுத்தேன். ‘பொருள்: முதியோர் ஓய்வூதியம் வேண்டுதல்’ என்று மேலே போட்டிருந்தேன். அலுவலகத்தில் மனுவை வாங்கியவர் படித்தார், பேனாவை எடுத்தார், ‘ஓய்வூதியம்’ என்பதை ஒரே கோட்டில் அடித்து அதன் தலைமேல் ‘உதவித்தொகை’ என்று எழுதினார். “ஓய்வூதியம்னா கவர்மெண்டுல வேலை பாத்தவங்களுக்கு சார். இது உதவித்தொகை” என்றார். கோபமெல்லாம் இல்லை, வாத்தியார் பிழை திருத்துகிற தோரணைதான். வெளியே வந்ததும் ஆச்சி கேட்டார்: “என்னத்தய்யா அடிச்சாவ? நாம பென்சன்தான கேட்டோம்?”

அந்த ஒரு கோட்டுக்காகத்தான் இந்தச் சொல் விளக்கம்.

திருநெல்வேலிச் சீமையில் பேச்சு வழக்கில் பென்சன் என்பது எல்லோருக்கும் பொது. பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வாங்குவது பென்சன். முக்கூடலில் முப்பது வருசம் பீடி சுற்றிவிட்டு பி.எஃப். கணக்கிலிருந்து மாதாமாதம் பெறுவது பென்சன். வயல் வேலைக்குப் போய் இடுப்பொடிந்த மூதாட்டிக்கு அரசு தருவதும் பென்சன்தான். எழுத்தில் வந்தவுடனே ஒரு பிரிவினை நடக்கிறது. முதலாமவருக்கு ஓய்வூதியம், கடைசியில் இருப்பவருக்கு உதவித்தொகை. இத்தனைக்கும் மத்திய அரசின் திட்டப் பெயரில் ‘தேசிய முதியோர் ஓய்வூதியம்’ என்றுதான் இருக்கிறது. செய்தியிலும் அலுவலக வாயிலும் வரும்போது அது உதவியாகச் சுருங்கிவிடுகிறது.

முதலில் மூலச் சொல்லைப் பார்ப்போம். லத்தீனில் ‘பென்டெரே’ என்றால் தராசில் வைத்து நிறுத்தல். நாணயம் பரவுமுன் கடனையும் கூலியையும் உலோகத்தை எடைபோட்டுத் தீர்த்தார்கள். அதனால் நிறுத்தல் என்றாலே செலுத்துதல் என்று பொருள் விரிந்தது. அதிலிருந்து வந்த ‘பென்சியோ’, சேரவேண்டியதைச் செலுத்துவதைக் குறித்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் பென்ஷன் ஆயிற்று. செலவைச் சொல்லும் ‘எக்ஸ்பென்ஸ்’, இழப்பீட்டைச் சொல்லும் ‘காம்பென்சேஷன்’ எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். நகைக்கடையில் நாம் விலை கேட்கிற ‘பவுன்’ கூட இந்தக் குடும்பத்துச் சொந்தம்தான். எடையைக் குறித்த லத்தீன் சொல் பவுண்டாகி, நம்மிடம் பவுனாகி வந்தது.

நம் பக்கம் நிறுக்கவில்லை, அளந்தார்கள். தாமிரபரணிப் பாசனத்தில் அறுப்புக் கூலியைக் களத்திலேயே மரக்காலால் அளந்து நெல்லாகப் போட்ட காலத்தைச் சொல்ல இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். அளந்ததோ நிறுத்ததோ, பட்ட பாட்டுக்குக் கணக்காகக் கொடுத்தது என்பதே உட்பொருள். ஊருக்காகச் சண்டையிட்டு மாண்டவன் வீட்டாருக்கு விட்ட நிலத்தைக் கல்வெட்டு ‘உதிரப்பட்டி’ என்கிறது. இன்றைய குடும்ப ஓய்வூதியத்துக்கு அதைத் தாத்தா என்று சொல்லலாம்.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் நடுவழியில் கொஞ்சம் கெட்டுப்போனது. அரசர் தம்முடைய ஆட்களுக்கு இஷ்டப்படி அள்ளிக் கொடுத்ததற்கெல்லாம் பென்ஷன் என்றார்கள். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில், ஈடாக எதுவும் பெறாமல் கொடுக்கும் தொகை என்று பொருள் எழுதி, இங்கிலாந்தில் அது நாட்டுக்குத் துரோகம் செய்ய அரசின் ஆளுக்குத் தரும் கூலி என்றும் குத்தலாகச் சேர்த்தார். 1762இல் அவருக்கே ஆண்டுக்கு 300 பவுண்டு அரசுப் பென்ஷன் வந்தது. வாங்கிக்கொண்டார்.

தமிழுக்கு வந்தபோது இந்தக் கெட்டுப்போன பொருளும் ஒட்டிக்கொண்டே வந்தது. பழைய தமிழ் எழுத்தில் பென்ஷனுக்கு ‘உபகாரச் சம்பளம்’ என்று பெயர். பெரிய மனது பண்ணிக் கொடுக்கிற சம்பளம்! ‘கால் காசு உத்தியோகம்னாலும் கவர்மெண்டு உத்தியோகம்’ என்று பிள்ளைகளை விரட்டிய காலத்தில் அந்த உபகாரத்தை யாரும் அவமானமாக நினைத்ததாகத் தெரியவில்லை.

உபகாரத்தை ஒழித்துக்கட்டிய தீர்ப்பு 1982 டிசம்பர் 17இல் வந்தது. ஓய்வூதியர் நகாரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பென்ஷன் என்பது அரசின் தயவு அல்ல, முன்பு செய்த பணிக்கு உரிய கொடுப்பனவு என்றது. டிசம்பர் 17ஐ ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுவது அதனால்தான். தமிழில் ‘ஓய்வூதியம்’ என்ற சொல் தீர்ப்பின் பக்கம் நிற்கிறது. ‘உதவித்தொகை’ இன்னும் பழைய உபகாரத்தின் பக்கத்திலேயே இருக்கிறது.

இனி ஓய்வூதியத்தைப் பிரித்துப் பார்க்கலாம். ஓய்வு, ஊதியம். ‘ஓய்’ என்ற வேர் நமக்கு அன்றாடம் பழக்கம். மழை ஓஞ்சிட்டு, கை ஓஞ்சு போச்சு, ஓய்ந்த மாடு. தொல்காப்பிய உரியியல் ‘ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய்’ என்று நான்கு சொற்களை அடுக்கி, நான்குக்கும் உள்ளது நுணுகிப்போதல் என்று பொருள் சொல்கிறது. உள்ள பலம் சிறுகச் சிறுகக் குறைவதுதான் ஓய்தல். ஈசிசேரில் சாய்ந்து பேப்பர் படிப்பது பிற்பாடு ஏறிய பொருள்.

ஊதியம் என்றால் இன்று சம்பளம். குறளில் அது ஆதாயம். ‘அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும் ஊதியமும்’ என்னும்போது செலவு, வரவு, கடைசியில் மிஞ்சும் லாபம் என்று வியாபாரிக் கணக்காகவே நிற்கிறது. நம் பேச்சுக்கு இன்னும் நெருக்கமானது இன்னொரு குறள்:

‘முதலிலார்க்கு ஊதியம் இல்லை மதலையாஞ்
சார்பிலார்க்கு இல்லை நிலை.’

கைமுதல் இல்லாதவனுக்கு லாபம் இல்லை. தாங்கும் துணை இல்லாதவனுக்கு நிலைபேறு இல்லை. ஓய்வூதியக் கணக்கு முழுவதும் இந்த இரண்டு அடிக்குள் கிடக்கிறது என்பேன். ‘மதலை’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அதற்குத் தூண் என்றும் பொருள், பிள்ளை என்றும் பொருள். வீட்டைத் தாங்குகிற தூணுக்கும் வயதான காலத்தில் தாங்குகிற மகனுக்கும் ஒரே பெயர். உரைகாரர்கள் இந்தக் குறளில் தூண் என்றே கொள்கிறார்கள். நான் படிக்கும்போது மகனும் எட்டிப் பார்க்கிறான். ஆச்சியிடமும் அலுவலகத்தில் கேட்ட முதல் கேள்வி “மகன் இருக்கானா?” என்பதுதான். இருக்கிறான், திருப்பூரில்.

பொருளியலில் இதே ‘சார்பு’ வேறு வேடத்தில் வருகிறது. உழைக்கும் வயதினர் நூறு பேருக்கு எத்தனை முதியவர் என்ற கணக்கை முதியோர் சார்பு விகிதம் என்கிறார்கள். குறளில் சார்பு என்பது தாங்குவது, இங்கே தாங்கப்படுவது. அந்த விகிதம்தான் நம் மாநிலத்தில் விறுவிறுவென்று ஏறுகிறது. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவின் மொத்த மக்களில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 8.6, தமிழ்நாட்டில் 10.4. 2031இல் தமிழ்நாட்டில் இது 18.2 ஆகும் என்று மத்திய அரசின் மக்கள்தொகை முன்கணிப்பு சொல்கிறது. பெரிய மாநிலங்களில் கேரளம் மட்டும்தான் நமக்கு முன்னால். ஒரு பெண்ணுக்கு இரண்டுக்குச் சற்று மேல், 2.1 பிள்ளை இருந்தால்தான் மக்கள்தொகை குறையாமல் நிற்கும். தமிழ்நாட்டில் இது 1.8 என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று சொன்னது. பிறப்பு குறைந்தது, ஆயுள் நீண்டது. இரண்டும் நல்ல செய்திதான், சேர்ந்து வந்தால்தான் கணக்கு இடிக்கிறது. அம்பாசமுத்திரம் பக்கம் சில தெருக்களில் நடந்தால் புள்ளிவிவரம் தேவையில்லை. பூட்டிய வீடு, அடுத்து வயசாளி மட்டும் இருக்கும் வீடு, மறுபடி பூட்டிய வீடு.

‘மக்கள்தொகை முதுமையடைதல்’ என்று இதை மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு ‘மக்கள்தொகை மூப்பு’ போதும் என்று தோன்றுகிறது. ஊர்ப் பேச்சிலேயே இருக்கிற சொல், நீட்டி முழக்க வேண்டியதில்லை.

மூப்பு ஏன் ஓய்வூதியத்தை அழுத்துகிறது? அரசு ஊழியர்களின் பழைய திட்டத்தில் உண்டியல் என்று ஒன்று கிடையாது. ஊழியர் பணியில் இருக்கும்போது அவர் பென்சனுக்கென்று எதுவும் சேர்ப்பதில்லை. ஓய்வு பெற்றபின் அந்தந்த வருட வரி வருமானத்திலிருந்து அரசு கொடுக்கிறது. உழைப்பவர் கூட்டமாகவும் ஓய்ந்தவர் கொஞ்சமாகவும் இருக்கும்வரை இது ஓடும். ஜெர்மனி 1889இல் முதியோர் ஓய்வூதியம் கொண்டுவந்தபோது வைத்த வயது 70. அன்றைக்கு அதுவரை இருந்து வாங்கியவர்கள் சொற்பம். இன்று எங்கள் தெருவில் வாத்தியார் ஒருவர், தான் சம்பளம் வாங்கியது 31 வருசம், பென்சன் வாங்குவது 33ஆவது வருசம் என்று பெருமையாகச் சொல்வார். அவர் பெருமைப்படுவதில் தவறில்லை. கருவூலத்துக்கு மட்டும் வேர்க்கும்.

அதனால்தான் தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. ஊழியர் சம்பளத்தில் பத்து சதவீதம், அரசு அதே அளவு என்று தொடங்கினார்கள். குறள் சொன்ன ‘முதல்’ இங்கே நுழைகிறது. மத்திய அரசு 2004 ஜனவரி 1 முதல் இதே வழிக்குப் போனது; கடைசிச் சம்பளத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்ற ஊழியர் எதிர்ப்புக்குப் பின், 2025 ஏப்ரல் 1 முதல் உறுதித் தொகையோடு கூடிய இன்னொரு திட்டத்தையும் வைத்தது. மாநிலத்தில் ஓய்வு வயது 2020இல் 58லிருந்து 59 ஆனது, மறுவருடமே 60 ஆனது. மொத்தமாகக் கொடுக்க வேண்டிய பணிக்கொடை முதலியவை அதனால் தள்ளிப்போயின. பணிக்கொடை என்பதும் வேடிக்கையான சொல்தான். எங்கள் பக்கம் கொடை என்றால் அம்மன் கோவில் கொடை, சுடலைமாடன் கொடை. மேளம் இல்லாத கொடை இது ஒன்றுதான்.

இதெல்லாம் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் கதை. பீடிக்கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து வீட்டுத் திண்ணையில் சொளவை மடியில் வைத்துச் சுற்றியவர்களின் கதை வேறு. பி.எஃப். பிடித்தம் உள்ளவர்களுக்கு 1995இல் வந்த திட்டப்படி, பத்து வருடப் பணி இருந்தால் 58 வயதில் ஓய்வூதியம். முதலாளி பங்கிலிருந்து, சம்பளத்தில் 8.33 சதவீதம் அதற்குப் போகிறது. கூலி சிறியதாக இருந்ததால் தொகையும் சிறியது. குறைந்தபட்சம் மாதம் 1000 ரூபாய் என்று 2014இல் வைத்தார்கள்.

மாநிலத்தின் முதியோர் உதவித்தொகை 1962இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2011இல் 1000 ஆகி, 2023 ஆகஸ்டிலிருந்து 1200. மத்தியத் திட்டத்தில் வருபவர்களுக்கு, 60 முதல் 79 வயது வரை இதில் மத்திய அரசின் பங்கு 200 ரூபாய்தான், 80க்கு மேல் 500. ஆக, வருடக்கணக்காகக் கட்டி வாங்குகிற ‘ஓய்வூதியம்’ 1000 ரூபாயில் நிற்கலாம், ‘உதவி’ 1200. சொல்லின் மதிப்புக்கும் தொகைக்கும் சம்பந்தமே இல்லை.

பேனாவால் அடித்தவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஓய்வு என்றால் ஒரு வேலையிலிருந்து ஓய்வு. ஆச்சி இன்னும் பீடி சுற்றிக்கொண்டுதான் இருக்கிறார், அப்புறம் எப்படி ஓய்வூதியம்? ஆனால் தொல்காப்பியர் சொன்ன பொருளில் ஆச்சி ஓய்ந்துதான் வருகிறார். நாளைக்கு ஆயிரம் சுற்றிய கை இப்போது முந்நூறுக்கே மரத்துப்போகிறது. ‘மூப்பூதியம்’ என்று ஒரு புதுச் சொல்லைச் செய்து பார்த்தேன். நாக்கில் ஒட்டவில்லை, விட்டுவிட்டேன். படிக்கிற பிள்ளைக்குக் கொடுப்பது உதவித்தொகையாக இருக்கட்டும். உழைத்து மூத்தவருக்கு மாதாமாதம் கொடுப்பது எந்தத் துறையிலிருந்து வந்தாலும் ஓய்வூதியம் என்றே நான் எழுதுவேன். வாங்குபவரை ஓய்வூதியர் என்றால் போதும்; ‘ஓய்வூதியதாரர்’ என்பதில் உள்ள ‘தார்’ ஜமீன்தாரில் ஒட்டியிருக்கிற அதே பாரசீக வால்.

ஆச்சியின் மனு தேறிவிட்டது. முதல் மாதம் பணம் எடுக்கப் போனபோது இயந்திரத்தில் ரேகை விழவில்லை. இலை நறுக்கியும் சுருட்டியும் தேய்ந்த விரல். நாலாவது விரலில்தான் பச்சை விளக்கு எரிந்தது. அடுத்த மாதம் செல்போனில் செய்தி வந்ததும் என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். அதில் ஓய்வூதியம் என்றும் இல்லை, உதவித்தொகை என்றும் இல்லை; ‘கிரெடிட்’ என்று மட்டும் இருந்தது.

“பென்சன் விழுந்துட்டாய்யா?”

“விழுந்துட்டு ஆச்சி.”