நெகட்டிவ் ரத்தமும் சொல்லாமல் விட்ட கருவும்

"இது எத்தனாவதும்மா?" என்று கேட்டால், "தலைப்பிரசவம் டாக்டர்" என்று மாமியார் முந்திக்கொண்டார். அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. அவள் ஓ நெகட்டிவ், கணவர் பி பாசிட்டிவ், ஏழாம் மாதம். லேபிலிருந்து ஐ.சி.டி (பாசிட்டிவ் ரத்தத்தைத் தாக்கும் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் பொருள், தாயின் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) பாசிட்டிவ் என்று வந்ததும் ஸ்கேன் அறையில் தனியாக வைத்துக் கேட்டேன். போன வருடம் நாலாம் மாதத்தில் கலைந்துவிட்டதாம், வெளியூரில் டி அண்ட் சி (கருப்பையைச் சுத்தம் செய்வது). "ஆன்டி-டி ஊசி போட்டாங்களா?" "ஏதோ வலி ஊசி போட்டாங்க மேடம்." ஆன்டி-டி என்பது நெகட்டிவ் தாய்க்கு அந்த ஆன்டிபாடி உருவாகாமல் தடுக்கும் ஊசி.

இந்த வருடத்தில் நான் பார்க்கும் மூன்றாவது கேஸ் இது.

"நெகட்டிவ்னாலும் முதல் குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது" என்பது எல்லோருக்கும் மனப்பாடம். பாதிதான் சரி. குழந்தையின் பாசிட்டிவ் ரத்தம் தாயின் ரத்தத்தில் கலப்பது பெரும்பாலும் பிரசவ நேரத்தில். தாயின் உடம்பு ஆன்டிபாடி தயாரித்து முடிப்பதற்குள் அந்தக் குழந்தை வெளியே வந்துவிடும். மாட்டுவது அடுத்தது; அதுவும் பாசிட்டிவாக இருந்தால் அந்த ஆன்டிபாடி அதன் சிவப்பணுக்களை அழிக்கும். ஆனால் தொட்டில் போட்ட பிள்ளை, போடாத பிள்ளை என்ற பேதமெல்லாம் உடம்புக்குத் தெரியாது. நாலு மாதத்தில் கலைந்தாலும் ரத்தம் கலந்திருக்கலாம். குழாயில் தங்கிய கர்ப்பமும் அப்படித்தான். நீங்கள் 'முதல்' என்று சொல்லும் குழந்தை உடம்புக்கு இரண்டாவது.

"இப்பப் போட்டுடலாமே டாக்டர்" என்றார் கணவர். ஆன்டிபாடி உருவான பிறகு அந்த ஊசியால் ஒரு பயனும் இல்லை. 1968-லிருந்து இருக்கும் மருந்து, நேரத்துக்குப் போட்டிருந்தால் போதும். இனி அடிக்கடி டாப்ளர் (குழந்தையின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்). குழந்தைக்கு ரத்தம் குறைந்தால் வயிற்றில் இருக்கும்போதே ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். எல்லா ஊரிலும் அந்த வசதி கிடையாது.

(நெகட்டிவ் பெண் வேண்டாம் என்று சம்பந்தத்தைத் தட்டிக்கழிப்பவர்களுக்கு: சிவப்பணுவின் மேல் டி என்ற ஒரு புரதம் இல்லை, அவ்வளவுதான். நம் நாட்டில் 100 பேரில் சுமார் 5 பேர் இப்படித்தான்.)

நாள் தள்ளிப்போனதுமே ரத்த வகை பாருங்கள். மனைவி நெகட்டிவ் என்றால் கணவரும் பார்க்க வேண்டும்; "எனக்குத் தெரியும், ஓ பாசிட்டிவ்தான்" என்ற வாய்ப்பேச்சு வேண்டாம், ரிப்போர்ட் கொண்டுவாருங்கள். ஐ.சி.டி நெகட்டிவாக இருந்தால் 28-வது வாரத்தில் ஒரு ஊசி. பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. இடையில் ரத்தம் பட்டாலோ, வயிற்றில் அடிபட்டாலோ அன்றைக்கே வாருங்கள். 12 வாரத்துக்குள் கலைந்தால் ஊசி தேவையா என்பதில் மருத்துவர்களிடையே இரண்டு கருத்து உண்டு. அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் மறைக்காமல் சொன்னால் சரி.

அப்புறம், மாமியார்களுக்கு ஒரு வேண்டுகோள். நான் மருமகளிடம் பழைய கதை கேட்கும்போது ஐந்து நிமிடம் வெளியே பெஞ்சில் உட்காருங்கள். ஃபேன் போட்டுத்தான் வைத்திருக்கிறோம்.