வெயில் மேல் பழி போடாதீர்கள்: ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுகிறவர்களுக்கு

மதுரையில் ஒரு ஸ்டிக்கர் உரிந்து தொங்கினால் முதலில் திட்டு வாங்குவது வெயில்தான். "நம்ம ஊரு வெயிலுக்கு எதுண்ணே நிக்கும்?" என்று ஒட்டியவர் சொல்கிறார், காசு கொடுத்தவரும் தலையாட்டிவிட்டுப் போகிறார். வெயில் கடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் வேறெங்கோ ஒட்டி, பழுதாகி, என் கடைக்கு வரும் வண்டிகளை உரித்துப் பார்த்தால் பெரும்பாலும் வேறு கதை தெரிகிறது. வண்டி கடையை விட்டு வெளியே போகும்போதே கோளாறும் கூடவே போயிருக்கிறது. புதிதாக பிளாட்டர் (கம்ப்யூட்டரில் வரைந்ததைப் பிளேடால் வெட்டும் மெஷின்) வாங்கித் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ரோல், அதாவது ஸ்டிக்கர் வெட்டும் வினைல் என்ற பசை தடவிய பிளாஸ்டிக் தாள். மலிவாகக் கிடைப்பது காலண்டர்டு வினைல். பிவிசியை உருளைகளுக்கு நடுவே நசுக்கி இழுத்துத் தகடாக்குகிறார்கள். பரோட்டா மாவை இழுத்து விரித்துவிட்டுக் கையை எடுத்தால் அது மெல்லப் பின்வாங்கும் அல்லவா, அந்தக் குணம் இதற்கும் உண்டு. தட்டையான போர்டிலும் கண்ணாடியிலும் தாக்குப்பிடிக்கும். வேனின் பக்கவாட்டு மடிப்பிலோ பம்பர் வளைவிலோ இழுத்து ஒட்டினால் சில மாதங்களில் சுருங்கி, ஓரத்தில் கறுப்பாகப் பசைக்கோடு தெரியும். காஸ்ட் வினைல் திரவமாக ஊற்றிப் பரப்பிச் சூட்டில் உலரவைத்தது. 50 மைக்ரான் அளவுக்கு மெல்லியது, வளைவுக்குப் பணியும், சுருக்கம் மிகக் குறைவு. விலை அதிகம் என்பதை வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வளைவுக்கு மலிவு ரோலை ஒட்டிவிட்டு வெயிலைக் காட்டுவது நேர்மையில்லை.

அடுத்து வெட்டு. இங்கே தமிழ் எழுத்துக்கென்றே சில தொல்லைகள் இருக்கின்றன. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துப் பழகுகிறவர்களுக்கு யாரும் இதைச் சொல்வதில்லை. டிசைனர் அழகுக்காக எழுத்துகளை நெருக்கிவிடுவார். காலும் கொம்பும் பக்கத்து எழுத்தின் மேல் ஏறி நிற்கும். திரையில் ஒரே நிறமாகத் தெரிவதால் கண்ணில் படாது. அப்படியே பிளாட்டருக்கு அனுப்பினால் பிளேடு இரண்டு கோடுகளையும் வெட்டும், எழுத்தின் நடுவே கீறல் விழும். அவுட்லைன் பார்வைக்கு மாற்றிப் பார்த்து, மோதுகிற இடங்களை வெல்ட் செய்த (ஒரே வடிவமாக இணைத்த) பிறகே அனுப்புங்கள். பழைய லோகோவைப் போட்டோ எடுத்து ஆட்டோ டிரேஸ் செய்தாலும் (சாஃப்ட்வேரையே கோடு வரைய விட்டாலும்) சிக்கல்தான். தேவையில்லாத நூற்றுக்கணக்கான புள்ளிகளில் பிளேடு தடுமாறி ஓரம் ரம்பம் மாதிரி வரும். அந்த லோகோவைக் கையால் திரும்ப வரைவதற்கு ஆகும் நேரம் வீணில்லை.

இன்னொன்று, மெய்யெழுத்தின் புள்ளி. சின்ன எழுத்தில் புள்ளி கடுகளவு ஆகிவிடும், பிடிப்பதற்குப் பசைப்பரப்பே இருக்காது. எழுத்தைச் சுற்றியுள்ள கழிவு வினைலை உரிக்கும்போதே பாதி போய்விடும். மிச்சம் டிரான்ஸ்பர் டேப்போடு (வெட்டிய எழுத்தை எடுத்து வண்டியில் வைக்க மேலே ஒட்டும் டேப்) வந்துவிடும். அதையும் தாண்டி ஒட்டியது ஒரு மழையில் போகும். 'பால் பண்ணை' என்று எழுதிக் கொடுத்த வண்டி 'பால பணணை' என்று ஊரைச் சுற்றினால் அந்தக் கடைக்காரருக்கு எவ்வளவு சங்கடம்! என் பழக்கத்தில் வெளியே ஒட்டும் எதிலும் புள்ளியின் விட்டம் 5 மில்லிமீட்டருக்குக் குறையாது. எழுத்து சிறியதாக இருந்தால் ஃபான்டின் புள்ளியை எடுத்துவிட்டுப் பெரிய வட்டம் போட்டுக்கொள்வேன். டேப்பை எடுக்கும்போது மேலே தூக்காமல், பரப்போடு படிந்தாற்போல் பின்னுக்கு மடித்து இழுங்கள். அப்புறம் ஒவ்வொரு புள்ளியையும் கட்டைவிரலால் தனியாக அழுத்துங்கள்.

பிளேடு விஷயத்தில் நீளமாகச் சொல்ல எதுவுமில்லை. சாதாரண வினைலுக்கு 45 டிகிரி, தடிமனான ரிஃப்ளெக்டிவுக்கு (ஒளியைத் திருப்பும் வினைல்) 60 டிகிரி முனையுள்ள பிளேடு. ரோல் மாற்றும் ஒவ்வொரு முறையும் டெஸ்ட் கட் போடுங்கள். வினைல் உரிந்து வர வேண்டும், அடிப் பேப்பரில் லேசான தடம் மட்டும் தெரிய வேண்டும். பேப்பரின் பின்பக்கம் விரலுக்குத் தட்டுப்பட்டால் அழுத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம். சால்வென்ட் (கரைப்பான்) கலந்த மையில் அச்சிடும் மெஷினில் பிரிண்ட் எடுத்ததை உடனே லேமினேஷனுக்கும் வெட்டுக்கும் அனுப்பாதீர்கள். குறைந்தது 24 மணி நேரம் தளர்வாக விரித்துக் காயவிடுங்கள். சால்வென்ட் உள்ளே சிக்கினால் பசை இளகும், வெட்டிய ஓரம் சுருளும்.

சரி, ஒட்டுவதற்கு வருவோம். அதிகம் கெடுவது இங்கேதான். ஆயுத பூஜை முடிந்து வரும் வண்டியில் சந்தனம், குங்குமம், விபூதி எல்லாம் இருக்கும். அதோடு பளபளப்புக்குத் தடவிய சிலிக்கான் பாலிஷ் கண்ணுக்கே தெரியாது. டீசல் துணியால் துடைத்துவிட்டு ஒட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். அது தானாகக் காய்வதற்குள் வேறொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். தானாகக் காயவிட்டால் அழுக்கு அதே இடத்தில் படிந்துவிடும். கதவு ஓரம், ரப்பர் பீடிங் அடி, கைப்பிடியைச் சுற்றி என்று வினைல் முடிகிற இடங்களை இரண்டாம் முறையும் துடையுங்கள்.

புது பெயின்ட் அடித்து நேராகப் பட்டறையிலிருந்து வரும் வண்டிகள் இன்னொரு பொறி. கைக்கு ஒட்டாமல் காய்ந்திருந்தாலும் உள்ளேயிருந்து சால்வென்ட் ஆவி வந்துகொண்டே இருக்கும். ஸ்டிக்கர் ஒட்டிய சில நாளில் கொப்புளம் கிளம்பும். காற்றில் காய்ந்த பெயின்ட்டுக்கு மூன்று வாரமாவது பொறுப்பது நல்லது. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு வினைலை ஒட்டி வெயிலில் ஒரு நாள் விட்டுப் பாருங்கள். கொப்புளம் வந்தால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். சித்திரைத் திருவிழா நெருக்கத்தில், "இப்பவே ஒட்டிக் குடுண்ணே, அழகர் வர்றதுக்குள்ள வேணும்" என்று எவ்வளவு கெஞ்சினாலும்தான்.

வெயிலுக்கும் பங்கு உண்டு, ஆனால் அது ஒட்டுகிற நேரத்தில். மே மாதப் பகலில் வெளியே நின்ற கறுப்பு பானட் 60 டிகிரியைத் தாண்டிவிடும். உள்ளங்கையை வைத்து அப்படியே நிறுத்த முடியாத தகட்டில் வினைலை வைத்தால் பட்ட மாத்திரத்தில் பிடித்துக்கொள்ளும், எடுத்துத் திருத்த முடியாது. இளகி இழுபட்டு, ராத்திரி குளிர்ந்ததும் பின்வாங்கும். வண்டியை முந்தின நாளே நிழலில் விடச் சொல்லுங்கள், காலையில் ஒட்டுங்கள். காஸ்ட் வினைலைப் பள்ளத்தில் உட்காரவைத்த பிறகு அந்த இடத்தை ஹீட் கன்னால் 90 டிகிரிக்கு மேல் சூடாக்கி அழுத்துங்கள். இதை விட்டுவிட்டால் பள்ளத்தில் ஒட்டியது கூடாரம் மாதிரி எழும்பும்.

கடைக் கண்ணாடிக்கு ஈரமாக ஒட்டலாம், ஆனால் போர் தண்ணீர் வேண்டாம். உப்பு படிந்து வெள்ளையாகத் தெரியும். கேன் தண்ணீரில் சில சொட்டு ஷாம்பூ போதும். காற்று வெளியேறும் தடம் உள்ள வினைலுக்கு இந்த ஈர முறையே கூடாது.

ஒன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். வண்டியின் மேல் கத்தியை வைத்து வெட்டாதீர்கள். உங்கள் கைக்கு அது தெரியாது, கிளியர் கோட்டும் (பெயின்ட்டின் மேலுள்ள நிறமில்லாத பூச்சு) பெயின்ட்டும் பிளந்து தகடு வரைக்கும் போயிருக்கும். ஸ்டிக்கரை உரிக்கும் நாளில் அந்தக் கோடு முழுக்கத் துரு இருக்கும். தவணை கட்டி வண்டி ஓட்டுகிற ஆட்டோக்கார அண்ணனுக்கு நாம் செய்யும் பெரிய துரோகம் அது. நூல் பதித்த டேப் கிடைக்கிறது, வினைலுக்கு அடியில் ஒட்டி நூலை இழுத்தால் கத்தி இல்லாமலே வெட்டு விழும். இல்லையென்றால் மேசையில் அளந்து வெட்டிக் கொண்டுபோய் ஒட்டுங்கள். மூலைகளை வளைத்து வெட்டினால் துடைக்கும் துணி மாட்டாது. இரண்டு துண்டு சேரும் இடத்தில் முன்பக்கத் துண்டு பின்பக்கத்தின் மேல் ஏற வேண்டும். அப்போதுதான் காற்று நுழையாது.

வண்டியைக் கொடுக்கும்போது இரண்டு நாளைக்கு வாட்டர் சர்வீஸ் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்புறமும் தண்ணீர் அடிக்கும் கன்னை ஸ்டிக்கர் ஓரத்துக்கு நேராகப் பக்கத்தில் பிடிக்கக் கூடாது, ஓரடியாவது தள்ளி நின்று அடிக்க வேண்டும். எந்த ரக வினைல், எந்தத் தேதியில் ஒட்டியது என்பதைப் பில்லில் எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை அதை உரிக்கப்போவது நீங்களாகவும் இருக்கலாம், வேறு கடைக்காரராகவும் இருக்கலாம்.